நோயாளிக்கு ஓர் இருக்கை

பொதுப் பணம் பொதுமக்களைக் கேட்டே செலவிடப்பட வேண்டும் என்னும் கொள்கையை இன்று வாயளவிலேனும் மறுப்பார் இலர். பெரியதோர் அனல்மின் நிலையமோ சுரங்கமோ அமையவிருக்கும் ஊரில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு விதிகள் கூறி வருகின்றன. மின் கட்டணத்தைத் திருத்துவதற்கு முன் ஒழுங்குமுறை ஆணையங்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்கின்றன. ஆனால் ஆண்டுதோறும் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோகும் புற்றுநோயை ஆராய்வதற்கென ஒதுக்கப்படும் பணம் எவ்வழிச் செல்ல வேண்டும் என்று நம்மை எவரேனும் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? கேளாமல் விட்டதில் அறப்பிழை ஏதும் உண்டா? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

கரியாஹாட் சந்திப்பைச் சுற்றி வாழும் நம்மவர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் புதிதாக இந்நோய் கண்டவர் 14 இலட்சம் பேர். இறந்தவர் 9 இலட்சம் பேர். கறிவேப்பிலையும் வாழைப்பூவும் வாங்க ராஷ்பிகாரி சாலை வழியே லேக் மார்க்கெட்டுக்குப் போகின்றோமே, அதே வழியில் இன்னும் சற்று மேற்கே சென்று வடக்கே திரும்பினால் ஹாஸ்ராவில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. அதன் வாயிலில் காத்திருக்கும் கூட்டத்தைக் காணாதார் நம்மில் யார்? நம் வங்காள அண்டை வீட்டார், தம் இல்லத்தில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தவுடன் நம் கதவைத் தட்டுவதும் உண்டு. வேலூருக்குப் போக எந்த வண்டி, காட்பாடியில் இறங்கித் தங்க இடம் கிடைக்குமா, அடையாற்றில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். நாமும் முகவரி எழுதித் தருவோம். தமிழில் இரண்டு சொற்றொடர் சொல்லித் தருவோம். நோய் வந்தபின் வழி கேட்பதற்கு நாம் பழகியிருக்கின்றோம். நோயை வெல்லும் வழி எது என்று தீர்மானிக்கும் இடத்தில் வாய் திறப்பதற்கு நாம் இன்னும் பழகவில்லை.

கொடுத்தவர் யார்?

நம் நாட்டுப் புற்றுநோய் நிலையங்களின் தோற்றத்தை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுள் பல, மக்கள் மனமுவந்து கொடுத்த கொடையால் எழுந்தவை.

தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பவானிப்பூரிலிருந்த தம் இல்லத்தை நாட்டுக்கே ஈந்தார். 1925-இல் அவர் மறைந்தபின், மறு ஆண்டு அவ்வில்லத்தில் பெண்களுக்கான சேவா சதனம் தொடங்கியது. அங்கிருந்து கிளைத்த புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2-ஆம் நாள் திறந்துவைத்தவர் மேரி கியூரியின் மகளாரும் நோபல் பரிசு பெற்றவருமான இரேன் ஜோலியோ கியூரி அம்மையார். 1957-இல் ஆராய்ச்சி மையம் ஒன்று அமைந்தது. 1987-இல் மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் ஒன்றாகிச் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையம் ஆயின. 2022 ஜனவரியில் நியூ டவுனில் இதன் இரண்டாம் வளாகம் 460 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அதற்கான செலவு 530 கோடி ரூபாய்க்கு மேல். அதில் முக்கால் பங்கை மத்திய அரசும் கால் பங்கை மாநில அரசும் ஏற்றன. அரசின் பணம் என்பது யாருடைய பணம்? கரியாஹாட் நடைபாதையில் புடவை விரித்து விற்பவர் தம் வீட்டுக்கு வாங்கும் சோப்புக் கட்டியின் வரியும் அதில் அடக்கம்.

நம் தாயகத்துக் கதையும் இதுவே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்கு 1923-இல் பறிகொடுத்தார். அத்துயரை அவர் தம் வீட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பெண்களைக் கொண்டு நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் தம் இறுதி நாள் வரை அந்நிலையத்தோடே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்த வரலாற்றை நாம் அறிவோம். புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகிறார், அதற்கொரு தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சிப் பொறுப்பில் இருந்தோரிடமே அக்காலத்தில் நிலவியதாக டாக்டர் சாந்தா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். எந்த நோய்க்குப் பணம் செலவிடுவது தகும் என்ற வினாவுக்கு, அதிகாரத்தில் இருந்தோர் தவறான விடை கூறினர். மருத்துவம் பயிலாத மாதர் பலர் கூடிய ஒரு சங்கம் சரியான விடை கூறியது. முத்துலட்சுமி அம்மையார் மருத்துவரே. ஆயினும் அவருக்குத் தோள் கொடுத்து வீடு வீடாகப் பொருள் சேர்த்தவர்களும், பொருள் ஈந்தவர்களும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே. பொதுமக்களுக்கு இவ்விஷயத்தில் என்ன தெரியும் என்று கேட்போருக்கு அடையாற்று வாயிலே விடை கூறும்.

அறிஞர் தரப்பு

மறுதரப்பின் வாதத்தையும் நடுநிலையோடு கேட்பது கடன். ஆராய்ச்சி என்பது கடை வீதியில் பேரம் பேசி வாங்கும் பொருளன்று. எந்தச் சோதனை பயன் தரும், எது தராது என்பதை ஆண்டுக்கணக்கில் அதிலேயே தோய்ந்தவர் மட்டுமே ஒருவாறு கணிக்க முடியும். பொதுமக்கள் விரும்புவது உடனடி மருந்து. அறிவியலோ சுற்று வழியில் நடப்பது. ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசன், மருக்களை உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தைத் துருவி ஆராய்ந்து, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அக்குடும்பத்தின் சில வகைகளே காரணம் என்று 1983, 1984-ஆம் ஆண்டுகளில் காட்டினார். அதற்கென 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருவை ஆராயப் பணம் கொடுங்கள் என்று எந்தப் பொதுக்கூட்டத்தில் எவர் எழுந்து கேட்டிருப்பார்?

பொதுமக்களின் ஆர்வம் வழிதவறிய கதைகளும் உள. 1970-களில் வாதுமை இனப் பழமாகிய ஆப்ரிகாட்டின் கொட்டையிலிருந்து எடுக்கப்பட்ட லேட்ரைல் என்னும் பொருள் புற்றுநோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் காட்டுத்தீயாய்ப் பரவிற்று. மக்களின் வற்புறுத்தலால் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை அனுமதித்தன. முறையான சோதனை நடத்தி 1982-இல் முடிவை வெளியிட்டபோது, அதனால் எப்பயனும் இல்லை என்பதும், சில நோயாளிகளின் இரத்தத்தில் சயனைடு நஞ்சு ஏறியது என்பதும் தெரியவந்தன. துயருற்றவன் எதையும் பற்றிக்கொள்வான். அவன் கையில் திசைகாட்டியைக் கொடுக்கலாமா என்று அறிஞர் கேட்டால், அவ்வினாவில் ஆணவம் மட்டுமே உள்ளது என்று நாம் தள்ளிவிட இயலாது. அதில் அக்கறையும் உண்டு.

கதவு திறந்த அவைகள்

பிற நாட்டார் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டனர் என்று காண்போம். 1969 டிசம்பரில் அமெரிக்க நாளேடுகளில் குடிமக்கள் குழு ஒன்று முழுப் பக்க விளம்பரம் வெளியிட்டு, புற்றுநோயை வெல்ல வழி செய்யுமாறு அந்நாட்டுத் தலைவர் நிக்சனை வேண்டிக்கொண்டது. அதன் பின்னே நின்றவர் மேரி லாஸ்கர் என்னும் அம்மையார், மருத்துவர் அல்லர். இரண்டு ஆண்டுகளில், 1971 டிசம்பர் 23-ஆம் நாள், தேசியப் புற்றுநோய்ச் சட்டம் கையொப்பமாயிற்று. அதன்வழி அமைந்த தேசியப் புற்றுநோய் ஆலோசனை மன்றத்தின் 18 உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் பொதுமக்கள் சார்பில் அமர்வர். 1972-இல் வந்த மற்றொரு சட்டம், அரசின் ஆலோசனைக் குழுக்கள் முன்னறிவிப்போடு கதவைத் திறந்துவைத்துக் கூட வேண்டும் என்றது. தனி ஆராய்ச்சியாளரின் விண்ணப்பத்தை எடைபோடும்போது மட்டும் கதவை மூடிக்கொள்ளலாம். பொதுக் கொள்கையைப் பேசும்போது எவரும் வந்து கேட்கலாம்.

அதன்பின் இன்னும் ஒரு படி ஏறினர். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் திரண்டு போராடியதன் பயனாக, 1992-இல் அந்நாட்டு மக்கள் மன்றம் பாதுகாப்புத் துறையின் நிதியிலிருந்தே 21 கோடி டாலரை அந்நோயின் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியது. அவ்வாராய்ச்சி விண்ணப்பங்களை எடைபோடும் குழுக்களில், 1990-களின் நடுப்பகுதி முதல், நோயுற்று மீண்ட பெண்களும் வாக்குரிமையோடு அமர்ந்து வருகின்றனர். படைக்கலத்துக்கான பணத்தில் ஒரு பங்கைப் பெண்கள் நோயாராய்ச்சிக்கு மீட்டார்கள் என்பது வரலாற்றில் அரிய செய்தியன்றோ!

ஆயினும் இதிலும் ஒரு குறை ஒளிந்துள்ளது. உரக்கப் பேச வல்லவர்களின் நோய்க்குப் பணம் விரைந்து வரும். கணையத்தில் புற்று வந்தவர் சில திங்களில் மடிகிறார். அவர் எப்போது சங்கம் அமைப்பது, எப்போது மனுக் கொடுப்பது? பீடியும் புகையிலையும் தந்த வாய்ப் புற்றோடு கூலி வேலைக்குப் போகிறவர் எந்த அவைக்கு வந்து பேசுவார்? ஆகவே கதவைத் திறந்துவைத்தால் மட்டும் நீதி நிறைந்துவிடாது. உள்ளே வர இயலாதவர் சார்பில் பேசுபவர் யார் என்ற வினா மீதி நிற்கும்.

நம் மண்ணில் நடந்தவை

இனி நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு தொடங்கித் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடைபெற்றது. லியோன் நகரிலுள்ள பன்னாட்டு முகமையும், அடையாறு நிலையமும், அம்பிலிக்கையிலுள்ள கிறித்தவ நலவாழ்வு மையமும் அதில் இணைந்தன. நிதி அளித்தது அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளை. கருப்பை வாயில் புளிக்காடி போன்ற அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தே நோயை முன்கூட்டி அறியும் எளிய முறையைச் சோதிப்பதே அதன் நோக்கம். 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். 57 தொகுதிகளில் பெண்களுக்கு அச்சோதனை அளிக்கப்பட்டது. மற்ற 57-இல் வழக்கமான மருத்துவ வசதியே தொடர்ந்தது. 2007-இல் முடிவு வெளிவந்தது. சோதனை அளிக்கப்பட்ட ஊர்களில் நோய் 25 விழுக்காடும், அந்நோயால் வரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பின்னர் தமிழ்நாடு அரசு தேனி, தஞ்சை மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கி, இம்முறையைப் பொதுச் சுகாதாரத்தில் ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் ஏழை நாட்டுப் பெண்களுக்குப் பயன்படும் அறிவு நம் திண்டுக்கல் பெண்களின் உடலிலிருந்து பிறந்தது.

இத்தகைய ஆராய்ச்சிகளைக் குறித்து மருத்துவ உலகில் கடும் வாதம் எழுந்தது. முன்கூட்டிக் கண்டறிவதால் உயிர் பிழைக்கும் என்று பிற முறைகளால் ஏற்கெனவே தெரிந்திருக்க, ஒரு பாதிப் பெண்களைச் சோதிக்காமல் விட்டு எண்ணிக்கை பார்ப்பது அறமா என்றனர் ஒரு சாரார். அவ்வூர்களில் முன்பும் எச்சோதனையும் இல்லை; இருந்ததை எவரும் பறிக்கவில்லை; சான்று இல்லாமல் எந்த அரசும் பணம் ஒதுக்காது என்றனர் மறு சாரார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இவ்வினாவுக்கு விடை காண நுண்ணோக்கி தேவையா? எத்தனை உயிருக்கு எவ்வளவு சான்று என்பது கணித வினா அன்று, அற வினா. அதற்கு விடை கூறும் தகுதி லியோன் நகர அறிஞருக்கு எவ்வளவு உண்டோ, ஒட்டன்சத்திரத்துச் சந்தையில் காய் விற்கும் அம்மாவுக்கும் அவ்வளவு உண்டு.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் கசப்பானது. கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் தடுப்பூசியைச் செயல்முறையில் காணும் திட்டம் ஒன்று 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் தொடங்கியது. ஏறத்தாழ 24,000 சிறுமியர்க்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் பலர் பழங்குடி மக்கள். விடுதியில் தங்கிப் பயின்றவரும் பலர். சில சிறுமியர் இறந்த செய்தி பரவியதும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு கூறியது. எனினும் பெற்றோரின் ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை என்பதும், பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்ட படிவங்கள் இருந்தன என்பதும் வெளிப்பட்டன. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதனைக் கடுமையாகக் கண்டித்தது.

ஊசி நல்ல ஊசி. நோக்கமும் நல்ல நோக்கம். ஆனால் கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை. அதன் விலை என்ன? அந்த ஐயம் நாடெங்கும் பரவிப் பல ஆண்டுகள் நீடித்தது. மக்களைக் கேட்டுச் செய்தால் காலம் விரயமாகும் என்பார்க்குக் கம்மம் ஒரு பாடம். தொடக்கத்தில் அவையில் பேச இடம் பெறாதவர் முடிவில் வீதியில் பேசுவர். அப்போது உண்மை எது, வதந்தி எது என்று பிரித்தறிவார் இரார்.

இதே காலத்தில் வேறொரு தடுப்பூசி ஆராய்ச்சியும் நாட்டின் ஒன்பது இடங்களில் நடந்துகொண்டிருந்தது. மூன்று தவணை ஊசிக்குப் பதில் இரண்டு போதுமா என்று காண்பதே அதன் நோக்கம். 2010-ஆம் ஆண்டுத் தடையால் அதுவும் இடையில் நின்றது. ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே ஒரு தவணையோடு நின்றுவிட்டனர். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு தவணையே நெடுங்காலம் காக்கிறது என்பது தெரிந்தது. உலக நல நிறுவனம் 2022-இல் ஒரு தவணை முறையை ஏற்றபோது அச்சிறுமியரைப் பற்றிய ஆய்வும் சான்றுகளுள் ஒன்றாய் நின்றது. தீமையிலிருந்தும் நன்மை பிறந்தது என்று மகிழலாம். ஆனால் தற்செயலாய் வந்த நன்மை, கேளாமல் செய்த பிழைக்குக் கணக்கு நேர்செய்துவிடாது. மேலும், ஒரு தவணை போதுமா என்பது ஏழை நாடு முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மூன்று முறை மகளை அழைத்துக்கொண்டு கூலியை இழந்து நடக்கும் தாய் ஒருத்தியை அவையில் அமர்த்தியிருந்தால், அவள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

எது அறிஞர்க்கு, எது மக்களுக்கு?

இதுகாறும் கண்டவற்றால் ஒரு வரம்பு புலனாகின்றது. ‘எப்படி’ என்னும் வினா அறிஞர்க்கு உரியது. எந்த மருந்து, எந்தச் சோதனை, எத்தனை பேர், எந்தக் கணக்கு என்பவற்றில் நாம் தலையிட்டால் லேட்ரைல் கதைதான் மீண்டும் நடக்கும். ‘எதற்காக’, ‘யாருக்காக’, ‘எந்தத் துன்பம் முதலில்’ என்னும் வினாக்கள் மக்களுக்கும் உரியவை. செல்வர் மட்டும் வாங்கக்கூடிய புது மருந்தால் சில திங்கள் கூடுதல் வாழ்வா, சிற்றூர்ப் பெண்ணின் நோயை முன்கூட்டி அறியும் வழியா? நோயைத் தீர்க்கும் ஆராய்ச்சிக்கு எவ்வளவு, தீராத நோயின் வலியைத் தணிக்கும் ஆராய்ச்சிக்கு எவ்வளவு? கேரளத்தில் ஊர் மக்களே கூடி, படுத்த படுக்கையாய்க் கிடப்போரின் வலி தணிக்கும் பணியை இயக்கமாக வளர்த்தனர்; 2008-இல் அம்மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. வலியின் முன்னுரிமையை அங்கு மக்களே முதலில் உணர்ந்தனர்.

மருவை ஆராயும் அறிஞருக்கும் இதில் அச்சம் வேண்டா. உடனே பயன் தராத ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று காரணம் காட்டிச் சொன்னால், விதைநெல்லைக் கைவைக்காமல் காக்கும் உழவர் வழிவந்த நம் மக்களுக்கு அது விளங்காமல் போகாது. சொல்லத்தான் வேண்டும். திறந்த அவையின் முதற்பயன் அதுவே: பொதுமகன் ஒரு சொல்லும் பேசாவிடினும், அவன் அங்கே அமர்ந்திருப்பதால் அறிஞர் தம் முடிவுக்குக் காரணம் கூறியாக வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என்பன அவை. அந்நான்கில் அவர் முதலில் வைத்தது நோயாளியை. இன்று ஆராய்ச்சி நிதியைப் பங்கிடும் அவைகளில் மருத்துவர் இருக்கிறார். மருந்து செய்யும் நிறுவனத்தின் எண்ணமும் எவ்வழியிலேனும் வந்து சேர்கிறது. நோயாளியும், இரவெல்லாம் கண்விழித்து அவருக்குப் பணி செய்த மனைவியும் மகளும் வெளியே நிற்கின்றனர். நான்கில் இரண்டை வெளியே நிறுத்தி மருத்துவம் முழுமையாவது எங்ஙனம்?

அவை அமைத்து ஊர்க் காரியம் நடத்துவது தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குடவோலையால் அமைந்த முறையைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியத்தில் அமரலாகாது என்ற விதி இன்றைக்கும் வேண்டியதே. ஆனால் நிலமும் கல்வியும் உடைய ஆடவர் மட்டுமே அக்குடத்தில் ஓலையாக விழ முடிந்தது என்பதையும் மறத்தலாகாது. அவை இருந்தது, அனைவர்க்கும் இருக்கை இருக்கவில்லை. நம் காலத்தின் கடமை அவ்விருக்கையை விரிப்பது.

நடைபாதை தரும் பாடம்

இதற்கு வழிகாட்ட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1996-ஆம் ஆண்டு நவம்பர் இரவொன்றில் கல்கத்தா நகரின் நடைபாதைக் கடைகள் பெருமளவில் அகற்றப்பட்டன. கரியாஹாட் கடைகளும் தப்பவில்லை. அவர்கள் மெல்ல மெல்ல மீண்டு வந்தனர். 2014-இல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வணிகர் சட்டம், எவர் எங்கே கடை விரிக்கலாம் என்று முடிவு செய்யும் நகர வணிகக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வணிகர்களே இருக்க வேண்டும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று விதித்தது. சட்டம் சொல்வதற்கும் நடப்பதற்கும் இடையே உள்ள தொலைவு நாம் அறியாததன்று. ஆயினும் கொள்கை அளவில் நாடு ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டது: நடைபாதையில் நான்கு முழ இடத்தை நம்பி வாழ்பவர்க்கு, அவ்விடத்தைப் பற்றிய முடிவில் இருக்கை உண்டு. தன் உடலை நம்பி வாழும் நோயாளிக்கு, அவ்வுடலைப் பற்றிய ஆராய்ச்சியின் முடிவில் அது ஏன் இருத்தலாகாது?

ஒரு சிறு வாயில் ஏற்கெனவே திறந்துள்ளது. மனிதரை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிகளை ஆராயும் அறநெறிக் குழுக்களில் மருத்துவம் சாராத பொதுமகன் ஒருவர் இடம்பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகின்றது. ஆனால் அக்குழு கூடுவது ஆராய்ச்சி இன்னது என்று முடிவான பின்னர். பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் முந்திய படியிலும் அவ்விருக்கை வேண்டும் என்பதே நம் கருத்து.

இருக்கை மட்டும் போதாது என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? பிறர் மொழி பேசும் ஊருக்கு வந்து வாழ்பவர் நாம். மருத்துவர் வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ கூறியது முழுதும் விளங்காமல், விளங்கியதுபோல் தலையசைத்த முதியவர் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அவையில் அமர்ந்தும் மொழி அறியாது வாளா இருப்பவர், வெளியே நிற்பவரைப் போன்றவரே. ஆகவே இத்தகைய கூட்டங்கள் மக்கள் மொழியில் நடைபெற வேண்டும். அறிவியலைத் தாய்மொழியில் எடுத்துரைக்கும் பணி அறிஞரின் ஆராய்ச்சிக் கடமையிலேயே அடங்க வேண்டும். தமிழில் கலைச்சொல் படைப்பது வெறும் மொழிப்பற்று என்று எண்ணுவார் உளர். ஒரு தாய் தன் உடலைப் பற்றி எடுக்கப்படும் முடிவைப் புரிந்துகொள்ளும் உரிமையும் அச்சொல்லில் அடங்கியுள்ளது.

உரிமையைக் கேட்பவர் கடமையையும் ஏற்க வேண்டும். அவைக்குச் செல்பவர் படித்துவிட்டுச் செல்ல வேண்டும். தம் வீட்டு நோயை மட்டும் நினையாமல், அங்கு வர இயலாதவரின் நோயையும் நினைக்க வேண்டும். தம் விருப்பத்துக்கு மாறான சான்று வந்தால் ஏற்கும் மனத்திண்மை வேண்டும். இது கடினமே. ஆனால் சங்கம் என்று ஒன்று வைத்து, ஆண்டு விழாவும் மலரும் நடத்தும் நமக்கு இயலாததன்று. ஆண்டுக்கொரு மாலையேனும் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சியாளரை அழைத்து, பாராட்டுரையும் பொன்னாடையும் குறைத்து, அவர் எதை ஆராய்கிறார், அப்பணம் எங்கிருந்து வருகிறது, அதன் பயன் யாரைச் சேரும் என்று நம் மொழியிலும் வங்காளத்திலும் கேட்கலாம். அண்டை வீட்டு வங்காளக் குடும்பங்களையும் அழைக்கலாம். வேலூருக்கு வழி கேட்டு வந்தவர்களும் நாமும் ஒரே வரிசையில் அமர்ந்து கேட்கும் அந்தக் கேள்விகள், நாளை அரசு நடத்த வேண்டிய பெரிய அவைக்கு நல்ல ஒத்திகையாகும்.

இந்திய மாதர் சங்கத்தின் பெண்கள் தமக்கு அறிவியல் தெரியாதென்று வீட்டிலேயே இருந்திருந்தால் அடையாற்றில் அந்தப் 12 படுக்கைகள் விரிந்திரா. அவர்கள் பொருள் திரட்டினர். அப்பொருள் போகும் வழியைக் கேட்பது நம் தலைமுறையின் பணி.